இடது கைக்கு எட்டுகிற இடம்

இரண்டாயிரங்களின் நடுவில், நல்ல மழை பெய்த ஒரு வருடம், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படகு இருந்தது. ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் படகு. கயாக் என்றார்கள் விற்றவர்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். வாசலில் போட்டிருந்தோம், குரங்குகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. திருத்தணியில் குரங்கைக் காலி செய்ய வைக்கும் விதி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் சோபாவை மாடிக்கு அனுப்பிவிட்டு, பழைய பாய்களை விரித்து, படகைக் கூடத்தில் கிடத்தினோம். மதியத்தில் ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்து விட்டம் முழுக்க ஆரஞ்சாகிவிடும். மின்விசிறி அந்த நிறத்துக்குள் மெதுவாகச் சுற்றும். மலை மேலிருந்து மணிச்சத்தம் வரும். என் கணவர் முன்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நான் பின்னிருக்கையில் பேப்பர் படிப்பேன். அப்படியே இருவரும் தூங்கிப்போய், விழிக்கும்போது எந்தக் கரையில் இருக்கிறோம் என்று ஒரு கணம் புரியாது.

படகை வாங்கியது நான்தான். அவர் அரக்கோணத்தில் ரயில்வே ஃபிட்டராக இருந்தவர். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்பார். நான் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். எந்தத் தாள் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கலாம் என்று விதியைப் பார்க்காமலே சொல்வேன். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலை, காபி டம்ளரை எடுக்கப் போன அவருடைய வலது கை, டம்ளரை எடுக்காமலே திரும்பி வந்தது. பக்கவாதம். கால் மெல்லத் தேறியது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு நானே சாட்சி. கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தூண்டில் கோல்களைப் பொதட்டூர்பேட்டை லுங்கி ஒன்றில் சுருட்டிப் பரண்மேல் போடச் சொன்னார்.

“ஒத்தக் கைய வெச்சிகினு இன்னாத்த புடிக்கறது? கோல புடிச்சா ரீல சுத்த முடியாது. ரீல சுத்துனா கோல புடிக்க முடியாது.”

அதன் பிறகு சாப்பிட்டார், தூங்கினார், டாக்டர் பிசையச் சொன்ன ரப்பர் பந்தைத் தெருநாய்க்குப் போட்டார். ஆனால் எதையும் வேண்டும் என்று கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மனுக்களைப் படித்தவள் நான். மனுவே போடாத மனிதரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியே விட்டால் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார் என்ற பயம் மட்டும் இருந்தது.

அப்போதுதான் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் பழைய படகுகளை விற்கிறார்கள் என்று சென்னையிலிருந்து மகள் போனில் சொன்னாள். யோசித்துப் பார்த்தேன். கரையிலிருந்து தூண்டிலை வீச இரண்டு கை வேண்டும். படகிலிருந்து தொங்கவிட ஒரு கை போதும். படகில் ஒரு குழாயைப் பொருத்திவிட்டால் கோலை அது பிடித்துக்கொள்ளும்; ரீலை அவர் இடது கையால் சுற்றலாம். துடுப்பு என் பொறுப்பு. இதில் எதையும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுப்பார். படகைக் கூடத்தில் போட்டுவிட்டுப் பேப்பர் படித்தேன். சில நாளில் லுங்கி மூட்டை பரணிலிருந்து இறங்கியிருந்தது.

படகோடு ஒரு வண்ணத் தாள் வந்திருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர். அவர் முதுகுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு கோல், இரண்டும் மாட்டுக்கொம்பு போல வானத்தைப் பார்த்தபடி. எங்கள் படகில் குழாய்கள் கிடையாது. நாங்கள்தான் பொருத்த வேண்டும்.

“இதே மாதிரி பின்னால வெக்கணும்” என்றார் என் கணவர்.

“உங்களுக்கு முன்னால வைப்போம். கைக்குப் பக்கமா இருக்கும்.”

“முன்னால வெச்சா நடவண்டிய புடிச்சிகினு நிக்கற கொழந்த மாதிரி இருக்கும். ஊரு சிரிக்கும்.”

ஒட்டடைக் கோலை எடுத்து அவர் இருக்கைக்குப் பின்னால், இடது பக்கமாக நிறுத்தினேன். “எடுங்க, பார்க்கலாம்.” கழுத்து திரும்பியது. தோள் கொஞ்சம் திரும்பியது. இடுப்பு வரவில்லை. விரல் நுனி கோலைத் தொட்டது, உருவ முடியவில்லை.

“எட்டல” என்றேன்.

“தண்ணில எட்டும்.”

தண்ணீரில் மனிதருக்குக் கை நீளும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. ஆனாலும் பல மாதங்களுக்குப் பிறகு ஒன்று வேண்டும் என்று கேட்கிறார். அனுமதித்தேன்.

பிவிசி குழாயை அளவாக அறுத்து, ஒரு முனையைக் கேஸ் அடுப்பில் காட்டி, இளகியதும் சொம்பின் அடியில் அழுத்தி வாயை விரித்தேன். மறுமுனைக்கு மூடி போட்டு ஒட்டினேன், இல்லாவிட்டால் அதன் வழியே படகின் வயிற்றுக்குள் தண்ணீர் இறங்கும். துளை போட வேண்டிய இடத்தில் காகித டேப் ஒட்டிப் பென்சிலால் குறித்தேன். டிரில் அவருடையது. ஆயுளில் முதல் முறையாக அதை நான் பிடித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எந்தத் தணிக்கையாளரிடமும் நான் கண்டதில்லை.

“இன்னா ஆபீசரம்மா, துளை போடறதுக்கு ஜி.ஓ. இன்னும் வரலியா?”

“வந்துடுச்சு. ஃபிட்டர் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு போட்டிருக்கு.”

முதலில் சின்னத் துளை, பிறகு பெரிய வட்டம். ஆரஞ்சுத் தூள் கேரட் சீவல் போலச் சுருண்டு பாயில் விழுந்தது. குழாயைச் சாய்வாக இறக்கி, விளிம்பைச் சுற்றிச் சிலிக்கான் பசை பூசி, பெரிய வாஷர் வைத்து முடுக்கினேன். காய்கிறவரை வீடு முழுக்க வினிகர் வாசனை. அன்று மதியம் நாங்கள் படகில் தூங்கவில்லை. குழாய் அசையக் கூடாது என்று அவர் தடை விதித்திருந்தார்.

படகை ஏரிக்கு ஏற்றிப்போகக் கே.ஜி.கண்டிகையிலிருந்து குட்டி யானை என்கிற சின்ன லாரி வைத்திருக்கும் ஒருவர் வந்தார். படகைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

“புது வண்டிம்மா. பூஜ போடாம தண்ணில எறக்கலாமா? நைனா, நீங்களே சொல்லுங்க.”

நைனா தலையாட்டினார். மலைக்கு ஏற்றிக்கொண்டு போனோம். வாகன பூஜைக்குச் சீட்டு தருகிறவர் எட்டிப் பார்த்தார்.

“எத்தன சக்கரம்மா?”

“சக்கரம் இல்லைங்க.”

கட்டணப் பலகையைப் பார்த்தார். இரு சக்கரம் இருந்தது, நான்கு சக்கரம் இருந்தது, அதற்கும் மேல் இருந்தது. சக்கரமே இல்லாதது இல்லை. அவருடைய சங்கடம் எனக்குப் புரிந்தது. படிவத்தில் கலம் இல்லாத விஷயம் உலகத்திலும் இல்லை என்று நம்பி வேலை பார்த்தவள் நான். “லாரிமேல இருக்கற வரைக்கும் அது சரக்கு. நாலு சக்கரம்னு போடுங்க” என்றேன். அவர் முகம் தெளிந்தது.

“அப்ப என் வண்டிக்கிதாம்மா பூஜ!” என்று ஓட்டுநர் நான்கு எலுமிச்சம்பழத்தையும் தன் சக்கரங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டார். குருக்கள் படகின் மூக்கில் சந்தனம் இட்டுவிட்டு, ஊதுவத்தி செருக இடம் தேடினார். நான் பாடுபட்டுப் பொருத்திய குழாயில் செருகினார். மிகச் சரியாக நின்றது.

ஏரியின் மீன் குத்தகைக்காரரிடம் முன்பே எழுத்தில் அனுமதி கேட்டிருந்தேன். “ரெண்டு தூண்டிலுக்கு இம்மாம் பெரிய லெட்டராம்மா?” என்று சிரித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். மறுநாள் விடிந்ததும் ஏரியில் இறங்கினோம். ஓட்டுநர் தூண்டில் முள்ளில் புழு மாட்டி, கோலைப் பின்குழாயில் செருகி, தக்கையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இடுப்பளவுத் தண்ணீர்வரை படகைத் தள்ளிவிட்டார்.

பனி இன்னும் நீரைவிட்டு எழவில்லை. மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது, கோபுரம் அடியில், படிகள் மேலே. நான் துடுப்பு போட்ட இடத்தில் படிகள் உடைந்தன. படகு கடந்ததும் ஒன்றுசேர்ந்தன. பின்பக்கம் துடுப்பு, முன்னால் அவருடைய முதுகு, இடையில் அந்தக் கோல். சத்தம் என்பதே இல்லை. மணவூர்ப் பக்கம் ஏதோ ரயில் போனது போலிருந்தது, அதுகூட என் காதின் கற்பனையாக இருக்கலாம்.

தக்கை முங்கியது. கோல் வளைந்தது. அவர் திரும்பினார். கழுத்து வந்தது, தோள் வந்தது, விரல் கோலைத் தொட்டது. கூடத்தில் நின்ற அதே இடத்தில் நின்றது. கோல் என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

“எடுக்கட்டுமா?”

“தொடாத.”

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இயல்பாக வந்த கலை. அன்று எனக்கு வரவில்லை. துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தூண்டில் நரம்பு விறைத்து, கறுக் என்று அறுந்து, தொய்ந்தது. அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். மலை மறுபடி ஒன்றுசேர்ந்தது. நான் கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டேன்.

படகு கூடத்துக்குத் திரும்பியது. அவர் அதில் உட்காரவில்லை. நாற்காலியில் இருந்தார். மதியம் விட்டம் ஆரஞ்சாவதை அங்கிருந்தே பார்த்தார். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் படகின் மேல் ஈரத்துணியைக் காயப்போட்டேன். எல்லாம் முடிந்தது, விடுதிக்காரரிடமே திருப்பி விற்க முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது துணிகள் நாற்காலியில் கிடந்தன. அவர் படகில் இருந்தார். கண்ணை மூடி இடது கையை முன்னால் நீட்டுவார். அது விழுந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். மறுபடி மூடுவார், நீட்டுவார். கோடுகள் எல்லாம் அவருடைய இடது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் குவிந்திருந்தன.

“இங்க” என்றார்.

“நடவண்டி மாதிரி இருக்குமே?”

“இருந்துட்டுப் போவுது. மீனுக்கா தெரியப் போவுது?”

இந்த முறை முழங்கை வளைவு வைத்த குழாய். ரீலின் காம்பு போய்ப் பூட்டிக்கொள்ளக் குழாயின் வாயில் ஒரு வெட்டு. கோலை வெளியே எடுக்கவே வேண்டாம். அது குழாயிலேயே இருக்க, அவர் ரீலைச் சுற்றினால் போதும். வெட்டின் கூர்மையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி மழுக்கச் சொன்னார். வாஷரை மாற்றச் சொன்னார். மாற்றியதை மறுபடி மாற்றச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த தடவை பனி இல்லை, மெல்லிய மேகம். எங்கே ஏரி முடிந்து எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஓட்டுநர் புழு மாட்டித் தள்ளிவிட்டுக் கரையில் டீ குடிக்கப் போய்விட்டார். படகு தானாகவே திரும்பிக்கொண்டிருந்தது, நான் விட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் போனதோ. அவருடைய இடது தோள் திடீரென்று அசைந்தது. பின்னாலிருந்து எனக்குத் தெரிந்தது முதுகு மட்டும்தான்.

“என்ன ஆச்சுங்க?”

“பேசாத. மீனுக்குக் கேக்கும்.”

தோள் சுற்றியது, நின்றது, சுற்றியது. பிறகு உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜிலேபிக் கெண்டை தண்ணீரைவிட்டு வெளியே வந்து, அவருடைய மடியில் விழுந்து துள்ளியது. ஈரத்துண்டைப் போட்டு, இரண்டு முழங்காலுக்கும் இடையில் அதை அமுக்கிப் பிடித்தார். முள்ளைக் கழற்ற வெகு நேரமானது. ஒரு முறை மீன் நழுவி அவர் காலடியில் விழுந்தது. கெட்ட வார்த்தை ஒன்று கேட்டது. நான் வானத்தைப் பார்த்தேன். கடைசியில் வாளியில் தொப்பென்று ஒரு சத்தம்.

அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு வெறும் முள்ளைத் தோளுக்கு மேலாக என் பக்கம் நீட்டினார்.

“ஆபீசரம்மா, புழு ஒண்ணு மாட்டு.”

எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சியைக்கூட அவர்தான் அடிப்பார். டப்பாவைத் திறந்தேன். ஈரமண்ணுக்குள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன.

“எந்தப் பக்கம் தலை?” என்றேன்.

“எந்தப் பக்கமா இருந்தா இன்னா. சீக்கிரம்.”

கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.