இரண்டில் ஒன்று போக

1. சாவி

கொச்சியில், மட்டாஞ்சேரி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் நான் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். மாடிக்குப் பத்தொன்பது படிகள். அலமாரிகள் இரண்டு, அவற்றில் ரெஜிஸ்டர்கள் நூற்று நாற்பத்தாறு. முதல் நாளே எண்ணிவிட்டேன். எண்ணாமல் எதையும் பொறுப்பேற்க எனக்கு வராது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். இறப்பு ரெஜிஸ்டரில் மரண காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. யார் சான்றிதழ் கேட்டாலும் அந்தக் கட்டத்தை மட்டும் நகலில் எழுதக் கூடாது, சட்டமே அப்படித்தான் என்றார். அன்று முதல் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டேன். சாயங்காலம் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். படி இறங்கிய பிறகு சந்தேகம் வந்து திரும்ப ஏறிய நாட்களும் உண்டு.

2. மாணிக்கம் தாழ்ந்த குரலில் சொன்னது

பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் தமிழ் பேசுகிற பதினோரு வீடுகள் இருந்தன. ஆண்களுக்குப் பாண்டிகசாலைகளில் மூட்டை சுமக்கிற வேலை. பாண்டிகசாலை என்றால் இஞ்சியும் மிளகும் அடுக்கிவைக்கிற பெரிய கிடங்கு. பெண்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள். மாலையில் அவர்கள் வெளியே வரும்போது புருவத்தில்கூடத் தூசி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

அந்தச் சந்தின் மாணிக்கம் மனைவியின் மரணத்தைப் பதிவு செய்ய வந்தார். பெயர் செல்லம்மாள், வயது முப்பத்தாறு. காரணம் கேட்டேன். பனி என்றார். மலையாளத்தில் காய்ச்சலுக்கு அதுதான் சொல். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஏழு மாதம் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் வரிசையில் நான்கு பேர் நின்றார்கள். நால்வரும் போகும்வரை பெஞ்சில் காத்திருந்துவிட்டுத் திரும்ப வந்தார்.

“சாரே, இது வெளிய போகாதல்லோ?”

“ரெஜிஸ்டர்ல எழுதினது ரெஜிஸ்டர்லயே இருக்கும்.”

“எனக்கு ரெண்டு பொண்ணு. அதுகளுக்கே தெரியாது, கேட்டோ.”

நான் இடுப்புக் கயிற்றிலிருந்த சாவியை எடுத்துக் காட்டினேன். அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, “க்ஷயம்” என்றார்.

அந்தக் காலத்தில் காசநோய் வந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் காரணத்தை மாற்றித்தான் சொல்வார்கள். மாணிக்கம் உண்மையைச் சொன்னது என் வார்த்தையை நம்பித்தான்.

3. களமசேரியிலிருந்து வந்த டீச்சர்

இரண்டு வருடம் கழித்து லீலா டீச்சர் வந்தார். களமசேரியில் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சி செய்பவர், மெலிந்த உருவம், கையில் எப்போதும் ஒரு குடை. கிடங்கில் வேலை செய்யும் பெண்கள் எதில் சாகிறார்கள் என்று இறப்பு ரெஜிஸ்டரிலிருந்து கணக்கெடுக்க மேலிடத்து அனுமதிக் கடிதத்தோடு வந்திருந்தார்.

நான் மூன்று முறை திருப்பி அனுப்பினேன். முதல் முறை கடிதத்தில் முத்திரை தெளிவாக இல்லை என்றேன். இரண்டாம் முறை ரெஜிஸ்டர் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்றேன். அது பொய். மூன்றாம் முறை என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நான்காம் முறை அவர் நேராக ஹெல்த் ஆபீசர் ஜேக்கப் சாரின் அறைக்குப் போய்விட்டார். சார் என்னைக் கூப்பிட்டு, “சுப்பையா, உமக்கு எந்தா பேடி, என்ன பயம்? டீச்சர் உம்ம ரெஜிஸ்டரைத் தின்னுடப் போறாங்களா?” என்றார்.

டீச்சர் கோபப்படவில்லை. மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார். எக்ஸ்ரே வண்டி ஒன்றுதான் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியாமல் அதை எந்தத் தெருவுக்கு அனுப்பச் சொல்லி எழுதுவது? கடைசியில் சம்மதித்தேன்.

நிபந்தனைகள் போட்டேன். ரெஜிஸ்டரை அவர் தொடக் கூடாது, நானே எடுத்தெழுதித் தருவேன். பெயர் இருக்காது, வீட்டு எண் இருக்காது. வருடம், தெரு, ஆணா பெண்ணா, வயதுப் பிரிவு, காரணம், இவ்வளவுதான். க்ஷயத்துக்கான கட்டத்தில் ஒன்று என்று வந்தால் எண் எழுதாமல் ஒரு கோடு போட்டுவிடுவேன். எல்லாவற்றுக்கும் டீச்சர் தலையாட்டினார். ஒன்று மட்டும் அவராகச் சொன்னார். தெருவாரியான மொத்தம் அவருக்கு அவசியமில்லை, விட்டுவிடலாம் என்றார்.

“மொத்தம் இல்லாம ஒரு டேபிளா?” என்றேன் நான்.

பன்னிரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். மேலிருந்து கீழே கூட்டினாலும் இடமிருந்து வலமாகக் கூட்டினாலும் டேலி ஆனது. ஜேக்கப் சார் பார்த்துவிட்டு, சுப்பையாவின் டேலி தப்பாது என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு நடை கொஞ்சம் மாறியிருந்தது.

4. சைக்ளோஸ்டைல் தாள்

டீச்சரின் அறிக்கையைத் தொழிற்சங்கத்தார் சைக்ளோஸ்டைலில் நகலெடுத்தார்கள். முகத்துக்குக் கட்டத் துணி வேண்டும், எக்ஸ்ரே வேண்டும் என்று கேட்பதற்காகப் பாண்டிகசாலைகளின் வாசல்களில் ஒட்டினார்கள். நல்ல காரியத்துக்குத்தான் ஒட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு மாணிக்கம் கவுண்டருக்கு வந்தார். அந்தத் தாளை நாலாக மடித்து வைத்திருந்தார். பிரித்து என் முன்னால் வைத்தார். ஒரு வரிசைக்குக் கீழே யாரோ பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

அவருடைய சந்து. நாற்பது வயதுக்குட்பட்ட பெண்கள். பிரசவம்: ஒன்று. க்ஷயம்: கோடு. மற்றவை: பூஜ்யம். மொத்தம்: இரண்டு.

இரண்டில் ஒன்று போக ஒன்று. செல்லம்மாள் செத்த அந்த வருடம் அந்தச் சந்தில் இளவயதில் செத்த பெண்கள் இருவர்தான். பிரசவத்தில் போனவள் யார் என்று பதினோரு வீட்டுக்கும் தெரியும்.

மாணிக்கத்தின் மூத்த மகள் வசந்தாவுக்குப் பள்ளுருத்தியில் சம்பந்தம் நிச்சயமாகியிருந்ததாம். மாப்பிள்ளையின் தாய்மாமன் மிளகுக் கிடங்கு ஒன்றில் கணக்கப்பிள்ளை. அவர் வேலை செய்யும் வாசலிலேயே அந்தத் தாள் ஒட்டியிருந்தது. நாள் முழுக்கக் கூட்டிக் கழிப்பவருக்கு அதில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நிச்சயதார்த்தப் புடவையை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

“கூட்டி எழுத மறக்கலையே சாரே” என்றார் மாணிக்கம். “அதுல ஒரு குறையும் இல்ல.”

நான் அந்த வரிசையை மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

“மோளு கேக்குறா. அம்மா எதுல செத்தான்னு பள்ளுருத்திக்காரனுக்குத் தெரியும், எனக்கு ஏன் சொல்லலன்னு. நான் என்ன சொல்லட்டும்?”

பள்ளுருத்திக்கு நானே வருகிறேன், எழுத்துப் பிழை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் தாளை மடித்துக்கொண்டே கேட்டார்: “நான் சொன்னது நேருதானே, உண்மைதானே? அதைப் பிழைன்னா செல்லம்மாளை என்ன ஆக்குவீங்க?”

அவர் படி இறங்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது.

எக்ஸ்ரே வண்டி வந்தது. அதையும் சொல்ல வேண்டும். டீச்சரின் அறிக்கை இல்லாமல் அது வந்திருக்காது. மற்றத் தெருப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பதினோரு வீடுகளிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

5. வார்த்தக்யம்

அதற்குப் பிறகு அந்தச் சந்திலிருந்து எந்த மரணம் பதிவாக வந்தாலும் காரணம் ஒன்றுதான். வார்த்தக்யம், அதாவது முதுமை. எழுபது வயதுக்காரருக்கும் வார்த்தக்யம். மூட்டை தூக்கும் முப்பத்துநாலு வயது சுமட்டுக்காரருக்கும் வார்த்தக்யம். அதைச் சொன்ன அவருடைய அண்ணன் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எழுதினேன். வேறென்ன செய்வது? இப்படி ஐந்து பதிவுகள் என் கையெழுத்தில் இருக்கின்றன.

எண்பதுகளில் லீலா டீச்சர் மறுபடி வந்தபோது அந்த ஐந்தையும் காட்டினேன். நடந்ததையும் சொன்னேன். குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். இந்தக் கணக்குப்படி அந்தத் தெருவில் யாருக்கும் நோயே இல்லை என்றல்லவா வரும் என்றார். வரும் என்றேன்.

ஜேக்கப் சார் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய ஆபீசர், தொல்லை வேண்டாம், யாருக்கும் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். பழைய சுப்பையாவுக்கு அதைவிட இனிப்பான உத்தரவு கிடையாது. ஆனால் பூட்டிவைத்தால் வண்டி எந்தத் தெருவுக்கும் வராது. நானே ஆபீசர் அறைக்குப் போய், நான்கு நாள் கொடுங்கள், வழி சொல்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். என் முப்பது வருட சர்வீஸில் நானாக ஒரு ஆபீசரிடம் கேட்டது அந்த ஒரு முறைதான்.

டீச்சரும் நானும் செய்தது இது. ஐந்து தெருக்களை ஒரே வரிசையாக்கினோம். செல்லம்மாள் செத்த வருடத்திலிருந்து தொடங்கி மும்மூன்று வருடங்களை ஒன்றாகச் சேர்த்தோம். ஐந்துக்குக் கீழே எந்த எண் வந்தாலும், எந்த நோயானாலும், கோடு. ஒரு வரிசையில் ஒரு கோடு மட்டும் வந்தால் பக்கத்துக் கட்டத்துக்கும் ஒரு கோடு. இந்தத் தெருத்தொகுதியை வைத்து வண்டியை அனுப்பலாம், ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு ஒரு வாரம் வீட்டில் அந்தக் கணக்கப்பிள்ளையாக என்னை நினைத்துக்கொண்டு என் டேபிளையே பென்சிலால் கழித்துப் பார்த்தேன். இரண்டு இடங்களில் ஆட்கள் அகப்பட்டார்கள். அவற்றையும் மாற்றினேன்.

6. பென்சில்

அந்த டேபிள் வெளியான சில மாதங்களில் மாணிக்கம் வந்தார். தலை நரைத்துவிட்டது. அவருடைய தம்பி இறந்துபோயிருந்தார், வயது நாற்பத்தொன்று.

காரணம் கேட்டேன். “வார்த்தக்யம்” என்றார்.

நான் எழுதவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து புது டேபிளை எடுத்து, மேலே ஒரு பென்சிலையும் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன். “கழிச்சுப் பாருங்க” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள், ஆறு பேரையும் அனுப்பினேன். அவர் உதட்டை அசைத்து அசைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை தலை நிமிர்ந்து, அவருடைய சந்து எங்கே என்று கேட்டார். ஐந்து தெருவோடு சேர்ந்திருக்கிறது என்றேன். திரும்பவும் குனிந்தார். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

வந்து பென்சிலைக் கவுண்டரில் வைத்தார்.

“கிட்டல சாரே. செல்லம்மாளும் கிட்டல, வேற யாரும் கிட்டல.”

“ம்.”

“எழுதிக்கோங்க. க்ஷயம்.”

எழுதினேன். அதன் கீழே அவர் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

“வசந்தா இப்பவும் என் வீட்லதான், கிடங்குல சுக்கு பிரிக்கப் போறா. அன்னைக்கு இந்தப் பென்சிலை நீங்க ஒரு தடவை எடுத்திருக்கலாமே, சாரே.”

இப்போது இந்த வேலையைச் செய்கிற இளையவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். எதையும் தராமல் பூட்டிவைக்கவும் செய்யாதீர்கள். டேபிள் டேலி ஆனதும் கையெழுத்துப் போடாமல் பென்சிலை எடுத்து உங்களுக்கு வேண்டிய ஒருவரை அதில் தேடுங்கள். நான் இன்றும் எந்த அறிக்கை கையில் கிடைத்தாலும் தேடுகிறேன். என் பென்சில் முதலில் போய் நிற்பது நாற்பது வயதுக்குட்பட்ட பெண்கள் என்ற வரிசையில்தான்.