தம்புரா நின்ற இரண்டு விநாடி

என் மனைவி பதினெட்டு வயதில் பாடிய பாட்டு ஓர் இசைத்தட்டில் இருக்கிறது. அவள் படித்த கல்லூரி, மாணவர்களை வடபழனியில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய்ப் பதிவு செய்து வெளியிட்ட தட்டு. அவளுக்கு வயலின் வாசித்தவர் வகுப்புத் தோழர். இப்போது அடையாறில் இருக்கிறார். தலை நரைத்தும் மிடுக்குக் குறையவில்லை. பழைய தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கென்றே ஓர் அறை முழுக்க வெளிநாட்டுக் கருவிகள் வைத்திருக்கிறார். எனக்கு அவர் மேல் பொறாமை. இதற்கு வேறு பெயர் வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ள விருப்பமில்லை.

சென்ற ஆண்டு எங்கள் மயிலாப்பூர் வீட்டில் அந்தத் தட்டை நானே ஏற்றப் பார்த்தேன். ரெக்கார்ட் பிளேயரின் ஊசியிலிருந்து வரும் ஒலி மிகவும் மெலிசு. அதைப் பெருக்கிக் கொடுக்க நடுவில் ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். தி. நகரில் வாங்கிய மலிவுப் பெட்டியைச் சுவர் பிளக்கில் செருகி ஓடவிட்டேன். பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பாட்டு டீச்சரான அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஏன்னா, தம்புரா ஒரு சுருதியில இருக்கு, உங்க கரண்ட் இன்னொரு சுருதியில இருக்கு. கேக்க முடியலை. பேசாம அடையாறுல அவர்கிட்ட குடுத்துடட்டுமா?”

“பத்து நாள் பொறு,” என்றேன்.

வேலை பார்த்த காலத்தில் சால்டரிங் பிடித்த கை இது. சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போய் ஐ.சி.யும் கெபாசிட்டர்களும் கேட்டேன். “இன்னா சார், ரெடிமேடாவே கீது, இத்த எதுக்கு நோண்டிக்கினு?” என்றார் கடைக்காரர். அவரிடம் அடையாறு கதையை எங்கே போய்ச் சொல்வது? பழைய அலுமினிய டிபன் டப்பாவில் துளை போட்டு சர்க்யூட்டைப் பொருத்தினேன். சுவர் மின்சாரத்தின் வாடையே கூடாது என்று இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரி வைத்தேன். லேப்டாப்பின் சார்ஜரையும் பிடுங்கினேன். முதல் தடவை வலது பக்கம் மட்டும் பாடியது. இரண்டாம் தடவை எதுவுமே பாடவில்லை. மூன்றாம் தடவை சரியாக வந்தது.

அப்போது அவள் வகுப்பெடுக்கப் போயிருந்தாள். இரைச்சல் சுத்தமாக இல்லை. தம்புரா, குரல், வயலின் எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. எனக்குத் தெரியாத பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். ஆலாபனை முடிந்து அவள் மூச்சு வாங்கும் இடத்தில், அதுவரை இரைச்சல் மூடி வைத்திருந்த ஒன்று கேட்டது. மைக்கில் விழாது என்று நினைத்து அந்த வயலின்காரர் மெதுவாகச் சொன்ன ஒரே வார்த்தை: “பலே.” உடனே அவள் சின்னதாகச் சிரிக்கிறாள்.

எட்டு முறை கேட்டேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் அவள் பாட்டுக்கு நான் ஒரு முறைகூட பலே சொன்னதில்லை. எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

லேப்டாப் திரையில் அந்த இரண்டு விநாடியைப் பிடித்து, ஓசையில்லாமல் ஆக்கி, வேறொரு பிரதியாகச் சேமித்தேன்.

மாலையில் அவளை உட்காரவைத்து அந்தப் பிரதியைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “என்ன சுத்தமா இருக்கு,” என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆலாபனை முடிந்தது. சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

“தம்புரா நின்னுடறதே?”

அந்த வார்த்தையோடு தம்புராவையும் சேர்த்து அழித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. சங்கீதம் தெரிந்த எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

“பேட்டரி இறங்கியிருக்கும்,” என்றேன்.

“பாவம், எத்தனை சிரமப்பட்டேள். போறும்.” தட்டை எடுத்து உறையில் போட்டாள். “நாளைக்கு நானே அடையாறு போறேன். அவர் பக்கத்துலயே உக்காந்து கேட்டு, சரியா பண்ணி வாங்கிண்டு வந்துடறேன்.”

அழிக்காத பதிவு அதே லேப்டாப்பில் இருந்தது. ஒரு நிமிஷத்தில் போட்டுக் காட்டியிருக்கலாம். காட்டினால், ஏன் அழித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குள் அவள் போனில் அவரிடம் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மீட்டரை எடுத்து டப்பாவிலிருந்த பேட்டரிகளை அளந்து பார்த்தேன். இரண்டும் முழுசாக ஒன்பது வோல்ட் காட்டின.