தெரு நீளத்துக்கு ஓர் எண்

எழுபதுகளின் கடைசியில் ஒரு பொங்கல் லீவின்போது எங்கள் தெருவில் ஓர் எண் படுத்துக் கிடந்தது. திருநகரில் மனைகளெல்லாம் ஒரே அளவில் வெட்டியவை. எங்கள் வரிசையில் பதின்மூன்று வீடுகள். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை, ரோட்டோரமாகச் சாக்பீஸால் ஒன்று, ஒன்று, ஒன்று என்று இழுத்துக்கொண்டே போயிருந்தார் மாமா. எண்ணினால் தொண்ணூற்றொன்று. அத்தனையும் சேர்ந்து ஒரே எண்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் கணிதம் படித்தார். எதனாலும் வகுபடாத எண்ணைத் தானே கண்டுபிடித்துவிட்டதாக அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றால் வகுத்துப் பார்த்தாராம், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் பார்த்தாராம். எல்லாவற்றிலும் மீதி நின்றதாம்.

எனக்குப் பத்து வயது. என் கண்ணெல்லாம் அவருடைய சைக்கிள் மேல். தொடக்கூட விடமாட்டார்.

"இத மீதியில்லாம வகுக்குற நம்பர் ஒண்ணச் சொல்லு. ஒண்ணும் செல்லாது, அதே நம்பரும் செல்லாது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிட்டின்னா லீவு முடியிற வரைக்கும் சைக்கிள் ஒனக்கு."

"சொல்லலைன்னா?"

"சைக்கிள்ங்கிற பேச்சே ஒன் வாயில வரக்கூடாது."

அடுப்படியிலிருந்து அம்மா, "அவ விழுந்து பல்லு ஒடஞ்சா நீயாடா ஒட்டவைப்ப?" என்றாள்.

பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று என்று வகுத்துக்கொண்டே போனேன். எண் முடிவதற்குள் சிலேட்டு முடிந்தது. அழித்து அழித்து எழுதியதில் கைதான் வெளுத்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு வந்து வாசல் தெளித்தார். பல் தேய்த்துக்கொண்டிருந்த மாமா வாய் நுரையோடு ஓடினார்.

"அக்கா, நம்பர் மேல ஊத்துறீகளே."

"என் வாசல நான் தெளிக்காம யாரு தம்பி தெளிப்பா? சரி, ஒன் நம்பர்ல என் பங்கு எம்புட்டு?"

"ஏழு ஒண்ணு."

"அம்புட்டுத்தான? நான் கோலம் போட்டு முடிச்சதும் கீழ ஏழு கோடு இழுத்துக்க."

ஏழு. நான் எங்கள் வாசலைப் பார்த்தேன். அங்கேயும் ஏழு. அடுத்த வீட்டுக்கு ஓடினேன், அதற்கடுத்த வீட்டுக்கு ஓடினேன். மனைகள் ஒரே அகலம், மாமா விட்ட இடைவெளியும் ஒரே அளவு. எல்லா வாசலிலும் ஏழு.

மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு" என்றேன்.

"என்னது?"

"நம்ம வாசல் மாமா. ஏழு ஒண்ணு. அதேதான் எல்லா வாசல்லயும் கெடக்கு. வீட்டுக்கு ஒரு தடவ போகும். மீதி நிக்க எடமே இல்ல."

மாமாவின் வாயில் பிரஷ் அப்படியே நின்றது. தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசி வீட்டருகே துப்பிவிட்டு, "ஒடஞ்சு போச்சே பிள்ள" என்றார்.

"என்ன தம்பி ஒடஞ்சது?" என்று கோலத்திலிருந்து நிமிர்ந்தார் அக்கா.

"மாமாவோட நம்பர்" என்றேன் தெருவுக்கே கேட்கும்படி.

சைக்கிள் வந்தது. முதல் வீட்டு வாசலில் ஏறினேன். மாமா கேரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடிவந்தார். ஹேண்டில்பார் ஆடியது, பிறகு நேரானது. ஒவ்வொரு வாசலும் எனக்கு வழிவிட்டது. பட்டத்து ராணி ஊர்வலம்கூட அப்படிப் போயிருக்காது.

"பிடிச்சிருக்கீகளா மாமா?"

தெருக்கோடியில் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். அவர் நாலாவது வீட்டருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டு எல்லைகளைச் சட்டை செய்யாமல், பதின்மூன்று ஒன்றுகளுக்கு ஒருமுறை குறுக்கே சாக்பீஸால் வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்.

"பதிமூணு பதிமூணாவும் ஒடையுது பிள்ள. ஏழு துண்டு" என்று கத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

கேரியரை விட்டதற்கு அவரை நன்றாகத் திட்டினேன். ஜெயித்தது நான், சைக்கிள் என்னிடம். தோற்ற மனிதர் எதற்கு நடுத்தெருவில் உட்கார்ந்து அப்படிச் சிரிக்கிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.