ஒன்பதிலிருந்து ஐந்து வரை எங்கேஜ்டு

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் ஈறு பிடித்து, பல் பல்லாக நட்டு, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பாள்.

காலை ஒன்பது அடித்ததும், வீட்டுக்காரர் பஸ் டிப்போவுக்குக் கிளம்பிய கையோடு, தொலைபேசி ஒயரை மோடத்தில் சொருகி டயல்-அப் இணைப்பைப் போட்டுவிடுவாள். அது கீச்சென்று கத்தி, கரகரவென்று இழுத்து, ஒருவழியாக அடங்கும். “பல்லைப் புடுங்குற மாதிரியே கத்துது. உன் தொழிலுக்கு ஏத்த மெஷின்தான்” என்பார் அவர். டாக்டர் அனுப்பும் ஒரு படம் திரையில் மேலிருந்து கீழே இறங்குவதற்குள் மேல்வரிசை முழுக்க நட்டு முடித்துவிடலாம். ஐந்து மணிக்குத்தான் இணைப்பைத் துண்டிப்பாள். அதுவரை யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு.

இன்னும் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்காத ஆளில்லை. புது லைன் போட வர்றவன் சுவரைத் துளைப்பான், எனக்கு எதுக்கு வேகம், பழகிப்போச்சு என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தாள். எல்லாம் பொய்ப்பல்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவள் தூக்கி வளர்த்த தம்பி இதே அறையில் அவளோடு சண்டை போட்டான். வேலைவெட்டி இல்லாமல் திரிந்தவனை, “உன்னைச் சுமந்தே என் முதுகு ஒடிஞ்சிடும்போல” என்று சொல்லிவிட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு போனவன் போனவன்தான். போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டவர், எது தெரிந்தாலும் இந்த நம்பருக்குத்தான் கூப்பிடுவோம், மாற்றிவிடாதீர்கள் என்றார்.

இரண்டு வருஷத்தில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் பிணவறைக்கு. அவளுக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, பல் போதும். தம்பிக்கு முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கும். மூன்றாவது ஆளின் உதட்டை விலக்கிக் காட்டினார்கள். பல் நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்காக நெட் போட்டவள் ஐந்து மணி வரை அதைத் துண்டிக்கவேயில்லை. போன் வாயே திறக்கவில்லை. ஸ்டேஷன்காரர்கள் பகலில்தான் கூப்பிடுவார்கள் என்று தெரியும். அன்று பிடித்த வழக்கம் ஒன்பது வருஷமாக ஓடியது. தம்பியும் கூப்பிட்டால் பகலில்தான் கூப்பிடுவான். ரோஷக்காரன், மாமா வீட்டில் இருக்கும் நேரத்தில் பேசமாட்டான். கூப்பிட்டிருப்பான், எங்கேஜ்டு கேட்டு வைத்திருப்பான் என்று நினைத்தால் நெஞ்சை அறுக்கும். ஆனால் அந்த நினைப்பில்தான் ஒரு தெம்பும் இருந்தது.

போன மாதம் டயல்-அப்பை நிறுத்துகிறோம் என்று கம்பெனி கடிதம் போட்டது. இணைப்பு மாற்ற வந்தவர் விளக்கு மினுக்கும் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டினார்.

“நம்பர் அதேதாம்மா. இனிமே நெட் ஓடினாலும் போன் ஃப்ரீ. யார் கூப்பிட்டாலும் அடிக்கும்.”

“அடிக்காம இருக்க வழி இல்லையாப்பா?”

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்றால் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள் என்று சிரித்துவிட்டுப் போனார். அவளால் பிடுங்க முடியவில்லை. எங்கேஜ்டு என்றால் அக்கா வேலையாக இருக்கிறாள் என்று அர்த்தம். ஒயரைப் பிடுங்கினால் அது தம்பியின் முகத்தில் கதவைச் சாத்துவது.

முதல் வாரம் காதைப் போனிலேயே வைத்துக்கொண்டு, ஒரு கிழவருக்கு இடப்பக்கப் பல்லை வலப்பக்கம் நட்டாள். தெருவில் சைக்கிள் மணி கேட்டால்கூட வேலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். இரண்டாவது வாரமும் போன் அடிக்கவில்லை. மூன்றாவது வாரம் மடியில் வேலையை வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒன்றாகியும் ஸ்டேஷனிலிருந்தும் இல்லை, வேறெங்கிருந்தும் இல்லை.

வீட்டுக்காரருக்கு லீவு நாள். போன் கெட்டிருக்கும்போல, உங்கள் செல்லிலிருந்து ஒருதடவை அடித்துப் பாருங்கள் என்றாள். அவர் அடித்தார். அறை அதிர, கணீரென்று மணி அடித்தது.

“நல்லாத்தானே அடிக்குது” என்றார்.

“ஆமா, நல்லாத்தான் அடிக்குது.”

கட் செய்ய அவர் விரலைக் கொண்டுபோனார்.

“வைக்காதீங்க” என்றாள். “கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.”