டீ இல்லாத நாலு மாதம்

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கை கால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. முக நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். எனக்கு அது போதவில்லை. முருகன் கோயிலுக்குப் போய், "இவர் முகம் நேராகற வரைக்கும் டீ குடிக்கமாட்டேன் சாமி" என்று வேண்டிக்கொண்டு வந்தேன். வீட்டில், வயிற்றுப் புண் என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன்.

சோற்றை விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ கேன் உள்ளே நுழைந்தால் இஞ்சி வாசம் மேசை மேசையாக வரும். முதல் வாரம் தலைவலியில், ஓட்டை விழுந்த பனியனைக்கூடப் பார்க்காமல் தள்ளிவிட்டுத் திட்டு வாங்கினேன்.

இரண்டு மாதம் போயிற்று. வாய் அப்படியே இருந்தது. பக்கத்து மேசைத் திருநெல்வேலிப் பெண்ணிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். ஒரு நாள் அவள் கேட்டாள்: "ஏக்கா, மாத்திரையில சரியாயிரும்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா. பொறவு நீங்க எதுக்குக் கெடந்து கஷ்டப்படுதீய?"

முருகன் கேட்கிறாரா, இல்லை நான்தான் வீணாகத் தலைவலியோடு திரிகிறேனா என்று அன்று முழுக்க யோசனை. நாலு மணிக்கு அவள் நீட்டிய டம்ளரை வாங்கிப் பாதி குடித்துவிட்டேன். அமிர்தமாக இருந்தது. மீதி இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "ஏனுங்க, இன்னைக்கு டீ குடிச்சுப் போட்டனுங்க."

கோணிய வாயோடு சிரித்தார். "எம் மூஞ்சிக்காகவா புள்ள? எனக்கு இதே பழகிப்போச்சு. நீ குடி."

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் குடிக்கக் கூடாது என்று உறுதியாகத் தோன்றியது. சந்தேகம் போய்விடவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தது நான்தானே. மறுநாள் கோயிலில் நின்று, "பாதி டம்ளர் குடிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க சாமி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன்.

நாலாவது மாதம் அவர் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஓரத்தில் வழியவில்லை. அடுத்த சில நாட்களில் முகம் நேரானது. சிரித்தால் மட்டும் இடது ஓரம் லேசாக இழுக்கும். முருகனிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"மாத்திரையா, முருகனாக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"ரெண்டுந்தான் கண்ணு" என்றேன். அன்று பதினொரு மணிக்கு இரண்டு டம்ளர் குடித்தேன்.