66ஆம் சாலையில் இடது பக்கக் கதவு

சிகாகோ, காலை ஒன்பது மணி. வாடகைக் கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் குணா மண்டியிட்டிருந்தார். முன்தினம் ஒரு மெக்சிகோக்காரர் கடையில் டாலருக்கு நான்கு என்று வாங்கிய எலுமிச்சம்பழங்களை டயருக்கு ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார். சாவி கொடுக்க வந்த ஊழியர், காரில் ஏதாவது ஒழுகுகிறதா என்று கேட்டார்.

"நோ, நோ, பாஸ். திஸ் இஸ் இன்சூரன்ஸ்," என்றார் குணா.

பழங்களை நசுக்கிக்கொண்டு கார் வெளியேறியது. ஆடம்ஸ் தெருவில் ஒரு பழுப்புப் பலகை, 66ஆம் சாலை இங்கே தொடங்குகிறது என்றது. இங்கிருந்து எட்டு மாநிலங்களைக் கடந்து, கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்கா கடற்கரை வரை ஏறக்குறைய 2,300 மைல். பெரிய நெடுஞ்சாலைகள் வந்தபின் அரசு கைவிட்ட சாலை. ஆட்கள் கைவிடவில்லை.

எங்கள் ஒப்பந்தம் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் தோசைக்கடையில் போட்டது. பாதி வழி அவர் ஓட்டுவார், மீதி வழி நான். அன்று சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பல வருடங்களுக்கு முன் பெடரல் ஹைவேயில், பத்து தீகா அருகே, அடைமழையில் என் கார் சுழன்று தடுப்பில் மோதி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதன்பின் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லைசென்சை மட்டும் தவறாமல் புதுப்பித்தேன். கிள்ளான் வீட்டிலிருந்து ஷா ஆலம் அலுவலகத்துக்குக் குணாதான் கொண்டுவிட்டார், அழைத்தும் வந்தார். ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவள் நான். யாராவது ஏற்றிப்போனால் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இந்தச் சாலையிலும் முடியவில்லை என்றால் இனி எந்தச் சாலையிலும் இல்லை.

அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். அதனால் நான் வலப்பக்கம், நம் ஊரில் ஓட்டுபவர் உட்காரும் இடத்தில், கைக்கு எதுவுமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். இல்லினாய் மாநிலம் முழுக்க என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. குணா சிக்னல் போடும்போதெல்லாம் வைப்பர் ஓடியது. இங்கே இரண்டும் இடம் மாறியிருந்தன. வெயிலைத் துடைத்துக்கொண்டே செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தோம்.

அதன்பின் மிசௌரி, ஓக்லஹோமா. சோளம், பிறகு சோளம், பிறகு வெறும் காற்று. கூரை விழுந்த பெட்ரோல் நிலையங்களில் புல் வரிசையாய் நின்றது. மோட்டல் அறை அறுபத்தெட்டு டாலர், வரி தனி. நம் ஊரில் சுங்கை பூலோவில் கிளம்பி ஸ்ரீ கெம்பாங்கான் போவதற்குள் எத்தனை ஊர் வந்து போகும்! இங்கே ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு பேச்சு முடிந்து, ஒரு மௌனம் முடிந்து, ஒரு சின்னச் சண்டையும் முடிந்துவிடுகிறது.

டெக்சாஸ், ஏட்ரியன். நண்பகல். சாலையோரப் பலகையில் சிகாகோ 1,139 மைல், லாஸ் ஏஞ்சல்ஸ் 1,139 மைல். தார்ச்சாலையின் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு. எதிரே இருந்த உணவகத்தில் ஆப்பிள் பை ஒரு துண்டு ஆறு டாலர். குணா மேசைமேல் சாவியை என் பக்கமாகத் தள்ளினார்.

"பாதி வந்தாச்சு தேவி."

"சாப்ட்ட உடனே ஓட்டக் கூடாதுலா."

"அது நீச்சலுக்கு மா."

"நியூ மெக்சிகோ போய் எடுத்துக்கறேன்."

"அங்க போனா அரிசோனான்னு சொல்லுவ. அப்புறம் கடல் வந்துரும். கடல்ல ஓட்ட முடியாது."

சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்த குணா, ஐஸ் டீயில் மிதந்த எலுமிச்சைத் துண்டைக் கொண்டுவந்து முன் டயருக்கடியில் வைத்தார்.

"அது இனிப்பு டீயில கெடந்ததுங்க."

"இருக்கட்டும். புது டிரைவர், பழம் வைக்காம எப்படி?"

இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, பயம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அது எப்போதும் வலப்பக்கம் உட்கார்ந்தே பழகியது. இந்தப் பக்கம் என்னைத் தேடத் தெரியவில்லை போலும்.

சில மைல்களில் பழைய சாலை அறுந்தது. பெரிய நெடுஞ்சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறியதும் பதினெட்டுச் சக்கர லோரி ஒன்று பக்கவாட்டில் வந்தது. அதன் காற்று காரைத் தள்ளியது. டெக்சாஸ் வெயிலில் பத்து தீகா மழை பெய்தது. பக்கத்தில் குணாவின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது.

"அங்க பிரேக் இல்லீங்க."

"தெரியும். சும்மா வச்சிருக்கேன்."

சிரித்துவிட்டேன். சிரிப்பில் கை தளர்ந்து கார் நேராக ஓடியது. லோரி போய்விட்டது. நியூ மெக்சிகோ எல்லையில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. கையில் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காமல் டுகும்கேரி வரை ஓட்டினேன். அரிசோனாவில், ஓட்மேன் தெருவில் கழுதைகள் வழிமறித்தபோதும் நான்தான் ஓட்டினேன். சாந்தா மோனிக்காவில் சாலை தீர்ந்தது. கடல். குணா சொன்னது சரி, அதில் ஓட்ட முடியாது.

கோலாலம்பூர் விமான நிலையம், மாலை. நிறுத்துமிடத்தில் எங்கள் பழைய மைவி கார் தூசு போர்த்தி நின்றது. பெட்டிகளை ஏற்றினோம். ஏட்ரியனில் தொற்றிய பழக்கத்தில் நான் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். அதே பழக்கத்தில் குணா வலப்பக்கம் உட்கார்ந்தார். ஸ்டியரிங் அவர் முன்னால் இருந்தது. அமெரிக்காவில் கற்ற பாடமே எங்களைப் பழைய இடங்களில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டது. குணா ஸ்டியரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் இருக்கை வருடக்கணக்காய் என் அளவுக்குக் குழிந்திருந்தது. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

"எறங்குங்க," என்றேன்.

"டயர்டா இருப்ப மா."

"எறங்குங்க."

இறங்கி, காருக்கு முன்னால் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறினோம். வலப்பக்கத்தில் பயம் எனக்காகக் காத்திருந்தது, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவரைப் போல. தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"பழம் வீட்ல இருக்கு," என்றார் குணா.

"வீட்டுக்குப் போனாத்தானே எடுக்கலாம்."

வாசலைத் தாண்டி, கிள்ளான் பக்கம் திரும்ப சிக்னல் போட்டேன். வைப்பர் ஓடியது. கண்ணாடியில் முதல் மழைத்துளிகள் விழத் தொடங்கியிருந்தன. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.