இந்தியாவால் நாடு கடத்தப்பட்டவர்

என் வீட்டுக்காரர் சூசைநாதனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று சாயங்காலம், வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு தகராறு நடந்தது. அவரைத் திருப்பி விரட்டிய போலீஸ்காரர்கள் இரண்டு பேரா, நாலு பேரா என்று. மில்லில் அவரோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு என்றார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த அவர் தம்பி பிள்ளைகள் நாலு என்றார்கள், அதில் ஒருவர் குதிரைமேல் இருந்தாராம். பக்கத்து வீட்டு முருகையன் அண்ணன் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் துடைக்கப் பிடித்திருந்த முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

அந்தக் கதை இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போகாத காலம். சுற்றிலும் இந்தியா, நடுவில் நாங்கள். விழுப்புரம் போவதென்றாலும் கண்டமங்கலம் சாவடியில் இறங்கி, மூட்டையைப் பிரித்துக் காட்டி, பெர்மிட்டை நீட்டித்தான் போக வேண்டும். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால், பத்து வயது சூசைநாதன் விழுப்புரத்து அத்தை வீட்டுக்குத் தனியாகக் கிளம்பினார். சாவடியில் இந்தியப் போலீஸ் மறித்தது. இந்தப் பிரெஞ்சுக்காரப் பையனை உள்ளே விடக் கூடாது என்று வந்த வழியே விரட்டியது.

இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லச் சொல்லப் போலீஸ்காரர்களின் எண்ணிக்கை கூடியது, துப்பாக்கி வந்தது, குதிரை வந்தது. பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தையே அதுதான்.

"என்னை இந்தியாவே நாடு கடத்தியிருக்கு."

பி.எஸ்ஸி. படித்த பெண்ணிடம் பேச வேறு விஷயம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"அப்புறம் எப்படி இந்தியாவுக்குள்ள வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நான் எங்க வந்தேன்? இந்தியாதான் எங்க வீட்டுக்கு வந்துச்சு."

அந்தப் பதிலுக்காகத்தான் சரி என்றேன். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

பிழைப்புக்கு அவர் நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் அவரிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது, கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் வந்தது. ஆனால் உழவர்கரை வீட்டை விட்டு நகர அவருக்கு மனசு வரவில்லை. பிரான்சில் போய்க் குடியேறினால் கதை கேட்க ஆள் கிடைக்காது என்பது என் கணிப்பு. தம்பி குடும்பத்தைப் பார்க்க அவ்வப்போது பிரான்ஸ் போய் வந்தோம். தெருவில் எல்லோரும் அதை வெளிநாட்டுப் பயணம் என்றார்கள். எனக்கு அது வேறொரு அடுப்படி, அவ்வளவுதான். கொழுந்தன் பெண்டாட்டி வேலைக்குப் போவாள். நான் அவள் பிள்ளைகளுக்கு இட்லி அவிப்பேன். ஈபிள் கோபுரத்தை அந்த வீட்டு ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியாது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றதும் ஒன்றே ஒன்று கேட்டேன். சொந்தக்காரர்கள் யாருமே இல்லாத ஒரு நாட்டுக்குப் போக வேண்டும். ஓட்டலில் தங்க வேண்டும். காலையில் வேறு யாராவது எனக்குக் காபி கொண்டு வர வேண்டும். அட்லஸை விரித்துத் தேடினோம். புதுச்சேரிக்காரர்கள் இல்லாத நாடு கிடைப்பது சிரமம். கடைசியில் ஆஸ்திரேலியா என்று முடிவாயிற்று.

சென்னையில் ஒரு டூர் கம்பெனியில் பெயர் கொடுத்தோம். மற்றவர்களுக்கெல்லாம் கம்பெனிக்காரர்களே தூதரகத்தில் விசா வாங்கினார்கள். எங்களிடம், "உங்க பாஸ்போர்ட்டுக்குக் கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம், சனிக்கிழமைக்குள்ள வந்துடணும், வரலன்னா சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள். 2009-ஆம் வருஷம். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. தெருமுனையில் கிளாட்வினின் பிரவுசிங் சென்டர் இருந்தது. வியாழக்கிழமை காலையில் பாஸ்போர்ட்டுகளோடு கிளம்பினோம். பக்கத்து வீட்டு முருகையன் அண்ணனும் செருப்பை மாட்டிக்கொண்டார். மில்லில் என் வீட்டுக்காரரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்.

"நீ எதுக்குடா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆஸ்திரேலியாக்காரன் இன்னா கேக்கறான்னு பாக்க வேணாமா? நீ பாட்டுக்கு உளறி வெச்சீன்னா?"

கிளாட்வின் எங்களுக்கு உள்பக்கத்து கேபினை ஒதுக்கினான். ஒருவர் உட்கார வேண்டிய இடத்தில் நாங்கள் மூவரும், அவனும். பேர், பிறந்த ஊர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் சுலபமாகப் போயிற்று. என் விண்ணப்பத்தை முதலில் முடித்தான்.

"அங்க யாரைப் பாக்கப் போறீங்க ஆன்ட்டி?"

"யாரையும் இல்ல," என்றேன். அதைச் சொல்லும்போதே எனக்கு ஆஸ்திரேலியாவில் கால் வைத்த மாதிரி இருந்தது.

அடுத்து அவருடையது. கிளாட்வின் ஒவ்வொரு கேள்வியையும் பங்குக் கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற மாதிரி சத்தமாக வாசித்துத் தமிழில் சொன்னான். காச நோய் இருந்ததா? இல்லை. கோர்ட்டில் தண்டனை? இல்லை.

"எந்த நாட்டிலேர்ந்தாவது உங்களை வெளியேத்தி இருக்காங்களா, இல்ல உள்ள வுடாம திருப்பி அனுப்பி இருக்காங்களா?"



என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். ஐம்பத்தேழு வருஷமாக ஒரு மனுஷன் காத்திருந்த கேள்வி. கேட்பதும் ஒரு அரசாங்கம்.

"இருக்கு," என்றார்.

"இல்லன்னு போடு கிளாட்வின்," என்றேன் நான்.

"எப்படிப் போடுவான்? பொய் சொல்லச் சொல்றியா? ஆமான்னு போடு தம்பி."

கிளாட்வின் போட்டான். கீழே ஒரு பெட்டி திறந்தது. "எந்த நாடுன்னு கேக்குது அங்கிள்."

"இந்தியா."

"இப்ப எந்த நாட்டுல இருக்கீங்கன்னு மேல ஏற்கெனவே போட்டாச்சு. அதுவும் இந்தியா." தலையைச் சொறிந்தான். "ஆஸ்திரேலியாக்காரன் குழம்பிடுவான் அங்கிள்."

முருகையன் அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "குழம்பட்டுமே. நாலு போலீஸ், துப்பாக்கி, எல்லாத்தையும் எழுது."

"அவ்ளோலாம் இடம் இல்ல. என்ன காரணம்னு சின்னதா எழுதணும்." கிளாட்வின் என் பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி, ஆமான்னு போட்டா உடனே வராது. ஆள் உக்காந்து விசாரிப்பாங்க. போன மாசம் ஒருத்தருக்கு ஆறு வாரம் ஆச்சு."

சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"ஏங்க," என்றேன், "பத்து வயசுல நடந்தது. யாருங்க கேக்கப் போறாங்க?"

"அப்ப இவ்ளோ நாளா நான் சொன்னது பொய்யா?" குரல் உயர்ந்தது, ஆனால் கண்கள் என்னைப் பார்க்கவில்லை. முருகையன் அண்ணனைத்தான் பார்த்தன.

எனக்கு அலுத்துவிட்டது. பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். "சரி. ஆமான்னே இருக்கட்டும் கிளாட்வின். காரணத்தை அவரே சொல்லட்டும். நான் வீட்டுக்குப் போய் உலை வெக்கறேன்."

உலை என்ற சொல்தான் அவரைக் குத்தியது என்று நினைக்கிறேன். கேபின் கதவைத் தள்ளும்போது, "இரு செல்வி," என்றார்.

நின்றேன்.

"இல்லன்னு போட்டுடு தம்பி."

"இன்னாடா இது?" என்றார் முருகையன் அண்ணன். "உண்மைய எதுக்கு மறைக்கற?"

"மறைக்கல. என்னை யாரும் விரட்டல."

"பின்ன?"

என் வீட்டுக்காரர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அத்தைக்கு எங்கம்மா ஒரு வான்கோழி குடுத்து அனுப்பினாங்க. கிறிஸ்துமஸுக்கு. சாவடில ஒரு போலீஸ்காரர் இதுக்கு பெர்மிட் இருக்கான்னு விளையாட்டுக்குக் கேட்டு, அது தாடியப் புடிச்சு ஆட்டினார். அது அவர் கையக் கொத்திட்டு, கால் கட்ட அவுத்துக்கிட்டு ஓடிடுச்சு. வந்த பக்கமே ஓடிச்சு. நான் பின்னாடியே ஓடினேன். வில்லியனூர் கிட்டதான் புடிச்சேன், அதுக்குள்ள இருட்டிடுச்சு. திரும்பிப் போகப் பயம். வெறுங்கையோட போனா அத்தை கேலி பண்ணுவாங்கன்னு இல்ல, கோழிதான் கையில இருந்துச்சே. ஆனா அதைத் தூக்கிட்டுத் திரும்பவும் அந்த போலீஸ்காரர் முன்னாடி எப்படிப் போறது? சாவடில நின்ன சனமெல்லாம் வயித்தைப் புடிச்சிட்டுச் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து போலீஸ் விரட்டிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன். அடி வுழாம இருக்க."

கிளாட்வின் திரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"அப்ப நாலு போலீஸ்?" என்றார் முருகையன் அண்ணன்.

"ஒருத்தர்தான்."

"குதிரை?"

"பிரான்ஸ்ல பசங்க கேட்டாங்க, சேத்துக்கிட்டேன்."

முருகையன் அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். "எம் பொண்ணு கல்யாணத்துல சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்ட, இவரு சாதாரண ஆளு இல்ல, நாடு கடத்தப்பட்டவருன்னு சொல்லித்தான்டா உன்ன முன் வரிசைல உக்கார வெச்சேன்," என்றார். பிறகு என் வீட்டுக்காரரின் காது பக்கம் குனிந்து, வான்கோழி கத்துவதைப்போல் மெல்ல ஒரு சத்தம் போட்டார். எங்கள் நாலு பேராலும் அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. பக்கத்து கேபினிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள்.

வான்கோழி எனக்குப் புதிதல்ல. கல்யாணமாகி வந்த வருஷமே மாமியார் சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்தப் பக்கமாக வண்டியில் வந்த யாரோ மறுநாளே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 'நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம், பாவம், சந்தோஷமா சொல்லிட்டுத் திரியறான்' என்றார். கேபினில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அப்போதே முடிந்திருக்கும். அதை நான் சொல்லக் கூடாது என்று தோன்றியது. உலை வைக்கப் போகிறேன் என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு அவர் எவ்வளவு கொடுத்தார் என்று பாருங்கள்.

கிளாட்வின் 'இல்லை' என்று மாற்றி அனுப்பினான். மறுநாள் மத்தியானம் இருவருக்கும் விசா வந்துவிட்டது. மெயிலை அச்செடுத்து அவனே வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்தான்.

அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். முருகையன் அண்ணன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பந்தியில் யாராவது போலீஸ், துப்பாக்கி என்று ஆரம்பித்தால் மட்டும், எதிர் வரிசையிலிருந்து மெல்ல அந்தச் சத்தம் வரும். மற்றவர்கள் அவருக்கு விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் நகர்த்துவார்கள்.

சிட்னியில் முதல் நாள் காலையில் கதவைத் தட்டி ஒரு பெண் எனக்குக் காபி கொண்டு வந்தாள். காபி என்று சொல்ல முடியாது, கசப்பாக ஏதோ. படுக்கையில் சாய்ந்துகொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அவரைக் காணோம். குளித்துவிட்டுக் கீழே சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனால், டூரில் எங்களோடு வந்த தாம்பரத்துக் குடும்பத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றியிருந்தார். அந்த உட்காரல் எனக்குத் தெரியும்.

"உங்களுக்கெல்லாம் சுலபமா குடுத்துட்டான். எனக்கு அப்படியா? என் பேரப் பாத்ததும் மேல அனுப்பிட்டான். அங்கேர்ந்து இன்னும் மேல..."

"ஐயோ, உங்களுக்கு மட்டும் ஏங்க?" என்றாள் அந்த வீட்டு மருமகள்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றுவிட்டது. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு மனுஷனின் முகம் பத்து வயதுக்குப் போவதை அன்று பார்த்தேன்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பின்ன என்னம்மா," என்றேன் அந்தப் பெண்ணிடம். "டெல்லியிலேர்ந்து மூணு தடவ போன் வந்துச்சு. கடைசியா பெரிய அதிகாரியே பேசினார்."

அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவி என் தட்டில் வைத்தார்.

"மூணு இல்ல செல்வி," என்றார். "நாலு."